விண்ணிலிருந்து மழையளத்தல்

2006ஆம் ஆண்டு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஜொகூர் மாநிலத்தில் பெய்த பெருமழை கோத்தா திங்கி நகரை மூழ்கடித்தது. நீர் வடிந்து மக்கள் வீடு திரும்பியபின், 2007 ஜனவரியில் மீண்டும் வெள்ளம் புகுந்தது. மாநிலம் முழுவதும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு துறந்தனர். அம்மழையை ஏந்தி வந்தது தென்சீனக் கடல் மேல் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. கரையேறுமுன் அம்முகில்கள் சுமந்து வந்த நீர் எவ்வளவு என்று அளப்பதற்கு நடுக்கடலில் மழைமானி ஏது?

மழைமானி பழமையான கருவி. கொரிய நாட்டில் செஜோங் மன்னர் 1442இலேயே அதனை நாடெங்கும் நிறுவச் செய்தார். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் அது புதிதன்று. காலையில் கிராணி அதில் தேங்கிய நீரை அளந்து பேரேட்டில் எழுதுவார். விடியலில் மழை பெய்து பட்டை நனைந்தால் மரம் சீவ இயலாது. சீவிய பின் பெய்தால் மங்கில் சேர்ந்த பால் வீணாகும். அந்நாட்கூலியும் அதனோடு போகும். ஆதலின் தோட்ட மக்களுக்கு மழைக்கணக்கு வயிற்றுக்கணக்கே. ஆயினும் ஒரு சாண் அகலமும் இல்லாத மழைமானியின் வாய், தான் நிற்கும் இடத்து மழையை மட்டுமே அறியும். அடுத்த தோட்டத்தில் கொட்டியதை அது அறியாது.

துணைக்கோள்கள் தோன்றியபின் முகில்களை மேலிருந்து படம் பிடித்தனர். ஆனால் ஒளிப்படமும் அகச்சிவப்புப் படமும் முகிலின் மேற்பரப்பையே காட்டுவன. உயர்ந்து குளிர்ந்த முகிலெல்லாம் மழை பொழிவதில்லை. கார்முகிலுக்கும் வெண்மஞ்சுக்கும் வெவ்வேறு பெயரிட்ட தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

முகிலின் உள்ளே காண உதவியது நுண்ணலை. வெப்பமுள்ள பொருள் யாவும் மிக மெல்லிய நுண்ணலைகளை வெளியிடுகின்றன. கடல்நீர் அவற்றைக் குறைவாகவே வெளியிடுவதால் நுண்ணலைக் கருவிக்குக் கடற்பரப்பு குளிர்ந்ததாகத் தோன்றும். அதன்மேல் நிற்கும் மழைத்துளிகள் மிகுதியாக வெளியிடுவதால் வெப்பமாகத் தெரியும். இவ்வேறுபாட்டைக் கொண்டு மழையின் அளவைக் கணிக்கலாம்.

சோவியத் நாடு 1968இல் காஸ்மாஸ் 243 துணைக்கோளிலும், அமெரிக்கா 1972இல் நிம்பஸ் 5 துணைக்கோளிலும் இத்தகைய கருவிகளை அனுப்பின. இந்தியாவின் பாஸ்கரா 1979இல் சோவியத் ஏவுகலத்தில் சென்றபோது அதிலும் ஒரு நுண்ணலைமானி இருந்தது. வெப்பமண்டல மழைக்கென்றே அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 1997 நவம்பரில் அனுப்பிய டி.ஆர்.எம்.எம். துணைக்கோள், மழையளக்கும் ரேடாரை முதன்முதலாக விண்ணுக்குக் கொண்டு சென்றது. ஜொகூர் வெள்ளத்தின்போதும் அது சுற்றிக்கொண்டிருந்தது; 2015இல் அதன் பணி முடிந்தது.

நமக்கு நெருக்கமானது மேகா-டிராபிக்ஸ். இந்தியாவும் பிரான்சும் கூடி 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. நிலநடுக்கோட்டுக்கு 20 பாகைச் சாய்வில் சுற்றியமையால், ஜொகூர், தமிழகம் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளின்மேல் ஒரே நாளில் பன்முறை செல்ல வல்லதாய் இருந்தது. அதன் நுண்ணலைக் கருவியின் பெயர் 'மெட்ராஸ்'! ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர்தான். எனினும் நகரம் சென்னையான பின் பழைய பெயர் விண்ணேறியது சுவையானதே. அக்கருவி 2013 ஜனவரியில் செயலிழந்தது பேரிழப்பு. ஈரப்பதம் அளக்கும் சபீர் அதன்பின்னும் பல்லாண்டு உழைத்தது.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. அது ஜொகூரை நேரே தொடுவது. நிலம் கடலைப் போலன்றி நுண்ணலையை மிகுதியாக வெளியிடும். ஆகவே நிலத்தின் மேல் மழைத்துளி தனித்துத் தெரியாது. முகிலின் உச்சியிலுள்ள பனிக்கட்டித் துகள்கள் உயர் அதிர்வெண் அலைகளைச் சிதறடிப்பதைக் கண்டு, கீழே பெய்யும் மழையை ஊகிக்க வேண்டியுள்ளது. பனித்துகள் இல்லாத தாழ்முகில் மழை எளிதில் தப்பிவிடும். தென்சீனக் கடலுக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடைப்பட்ட ஜொகூரிலோ, கரையோரத்தில் ஒரே பார்வைப் பரப்புக்குள் நிலமும் கடலும் கலந்து வருகின்றன.

2014இல் ஏவப்பட்ட ஜி.பி.எம். துணைக்கோளை அளவுகோலாகக் கொண்டு பல துணைக்கோள்களின் கணிப்புகள் இணைக்கப்படுகின்றன. ஏறத்தாழ 10 கிலோமீட்டர்க் கட்டங்களில் அரைமணிக்கொரு மழையளவு கிடைக்கிறது. சில மணிநேரத்தில் வரும் முதற்கணிப்பு வெள்ளத்தைக் கண்காணிப்போர்க்கு உதவுகிறது. சில மாதங்கள் கழித்து வரும் இறுதிக்கணிப்போ, தரையிலுள்ள மழைமானிகளின் மாத அளவோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட பின்னரே வெளிவருகிறது.