துண்டும் சேமலாபமும்: தோட்டம் கைமாறிய பிறகு யாரிடம் கேட்பது?



சேர்வராயன் மலையில் நின்றுகொண்டு காப்பியை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. மலையாளிப் பழங்குடிகள் வாழ்ந்த மலையில் குழி வெட்டி, செடி நட்டு, களை பறித்த கைகள் யாருடையவை என்று அவை எழுதுவதில்லை. அந்தக் கைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஆனால் அதற்குக் கடல் கடந்து போய்வர வேண்டியிருக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் இலங்கையின் கண்டி மலையிலும் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகியவற்றோடு நம் சேலமும் அங்கே ஆள் அனுப்பியது. தாது வருஷப் பஞ்சம் சேலத்தைக் கடுமையாகத் தாக்கியபோது கப்பலேறியவர்கள் கூடினார்கள். போனவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர். ஊரில் பண்ணையாளாக இருந்தவன் அங்கே தோட்டக்கூலி ஆனான். நிலம் இங்கும் இல்லை, அங்கும் இல்லை.

அங்கே அவனுக்காக எழுதப்பட்ட முதல் காகிதம் 'துண்டு'. வழிச்செலவு, முன்பணம், அரிசி என்று கங்காணி கொடுத்ததெல்லாம் கடனாக நிற்கும். அந்தக் கடனை அடுத்த தோட்டம் கட்டினால்தான் ஆள் இடம் மாறலாம் என்று சொல்லும் சீட்டு அது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். தொழிலாளி கொடுக்க வேண்டிய கணக்கு தொலையவே தொலையாது. தோட்டம் மாறினாலும் கடன் கூடவே வரும்.

அவனுக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு எழுதத் தொடங்கியது வெகுகாலம் கழித்து. 1958ஆம் ஆண்டின் 15ஆம் எண் சட்டத்தால் இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி வந்தது. நாம் வருங்கால வைப்பு நிதி என்று சொல்வதை அவர்கள் சேமலாபம் என்கிறார்கள். தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கைப் பிடித்து, முதலாளி தன் பங்கையும் சேர்த்துச் செலுத்த வேண்டும். இன்று அது முறையே நூற்றுக்கு 8, 12. பணம் மத்திய வங்கியில் இருக்கும், நிர்வாகம் தொழில் ஆணையாளரிடம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. ஆனால் சேமலாப நிதி பிரஜையா என்று கேட்கவில்லை. நாடற்றவனிடமும் பணம் பிடித்தது. வாங்கும்போது கேட்காத கேள்வி, கொடுக்கும்போதுதான் வந்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். அவர்களைக் கேட்டுச் செய்த பங்கீடு அல்ல. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் நாம் மறந்துவிட்ட ஒரு பிரிவு இருக்கிறது. திரும்புகிறவர்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் சொத்துகளை எடுத்துச்செல்லலாம், ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்கிறது அது. ஆகவே இந்தப் பணம் இரக்கத்தால் தரப்படுவது அன்று. இரண்டு அரசுகள் எழுதிக் கையெழுத்திட்ட உரிமை.

இந்த உரிமை நடைமுறையில் எங்கே அறுந்தது? முதலாளி மறைந்த இடத்தில்தான். 1972இன் நிலச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. வெள்ளைக்காரக் கம்பெனிகள் கிளம்பிவிட்டன. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்று புதிய முதலாளிகள் வந்தார்கள். 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பெனிகளிடம் போனது. மத்திய வங்கிக்குப் போய்ச் சேர்ந்த சேமலாபப் பணம் முதலாளியோடு அழிவதில்லை, உண்மைதான். ஆனால் இந்தப் பணம் இந்த மனுஷியுடையது என்பதற்குச் சாட்சி தோட்டத்து ஆபீசில் இருந்தது. செக்ரோலில் இருந்த பெயர், அங்கத்தவர் எண், தோட்டத்தின் பதிவு எண் இவை மூன்றும் வேண்டும். முதலாளி கட்டாமல் விட்ட பாக்கியும், முழுக்க அவர் தலையில் விழும் பணிக்கொடையும் இதைவிட மோசம். கேட்கும் வாசலே இல்லை.

பெயரும் ஒரு சிக்கல். அம்மா வைத்த பெயர் ஒன்று, கணக்கப்பிள்ளை செக்ரோலில் எழுதியது ஒன்று, கடவுச்சீட்டில் ஏறியது இன்னொன்று. ஒரே பெண் மூன்று காகிதங்களில் மூன்று ஆளாக நிற்கிறாள். தேயிலைக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதையும், புருஷன் பெயர் சேர்ந்து அவர்கள் பெயர் மாறும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வழியாக மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், சிலருக்கு நூற்பாலை. பலருக்கு 5,000 ரூபாய் வியாபாரக் கடன். வியாபாரமே செய்தறியாதவர்களிடம் கடை வை என்றார்கள். சொந்தப் பணம் கொழும்பில் கிடக்க, இங்கே அவர்கள் மறுபடி கடனாளிகள். கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. 1980களின் போர் கப்பலையும் நிறுத்தியது. நேரில் போய்க் கேட்கும் வழியும் அடைந்தது.

தாமதம் என்பது வெறும் காத்திருப்பு அல்ல. 1966 வரை இரு நாட்டு ரூபாயும் சமமாக இருந்தன. இன்று ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல். வட்டி ஏறியிருந்தாலும், அன்று ஒரு குடும்பத்துக்கு முதலாக நின்றிருக்கக்கூடிய தொகை இன்று அலைச்சலின் செலவுக்கே காணாது.

இதை முடிந்த கதை என்று சொல்வோருக்கு ஒரு பதில் உண்டு. 2006இல் பெல்ஜியத்தோடு தொடங்கி ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் என்று பல நாடுகளுடன் இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அங்கே போகும் பொறியாளரின் பங்களிப்பு வீணாகக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. நல்லது. ஆனால் இலங்கையுடன் அப்படி ஒன்று இல்லை. நம் சேரிப் பிள்ளைகள் இன்று கூலிக்குப் போகும் வளைகுடா நாடுகளோடும் இல்லை. அங்கே கம்பெனி மூடினால் பணிக்கொடையை யாரிடம் கேட்பது என்ற கேள்வியோடு ஊர் திரும்புகிறவனும், 1970களில் மண்டபத்தில் இறங்கியவனும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். எந்த வேலைக்குப் போகிறவருக்கு ஒப்பந்தம், எந்த வேலைக்குப் போகிறவருக்கு இல்லை என்பதில் சாதியின் கை இருக்கிறது என்பதே என் வாதம்.

எனவே இரண்டு வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் குடும்ப அட்டை, பழைய கடவுச்சீட்டு, சேமலாபக் கடிதம், சம்பளச் சீட்டு எதையும் எரிக்காதீர்கள். படியெடுத்து ஒரே இடத்தில் சேருங்கள். வரலாறு எழுதவும் அது வேண்டும், உரிமை கேட்கவும் அதுவே வேண்டும். அடுத்து, 1964இன் அந்தப் பிரிவை வைத்து இரு அரசுகளும் ஒரு கூட்டு அலுவலகம் திறக்கட்டும். வாரிசுகள் இங்கிருந்தே விண்ணப்பிக்கட்டும். ஏட்டைப் பார்த்துப் பெயரைத் தேடும் பொறுப்பு நிதியை வைத்திருப்பவர்களுடையது, எண்பது வயதுக் கிழவியுடையது அல்ல. கடனைத் தேடி ஆளைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, கூலியைக் கொடுக்க ஆளைத் தேடுவதும் தெரிய வேண்டும்.

ஜெய்பீம்.