அமர்வு (வலைச் செயலி)

அமர்வு என்பது ஒரு பயனர் ஒரு வலைத்தளத்துக்கு அடுத்தடுத்து அனுப்பும் கோரிக்கைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் ஏற்பாடு ஆகும். எச்.டி.டி.பி. எனப்படும் மீயுரைப் பரிமாற்ற நெறிமுறை நிலையற்றது. அதாவது, முந்தைய கோரிக்கையை அனுப்பியவர் யார் என்பது வழங்கிக்குத் தானாகத் தெரியாது. புகுபதிகை, பொருட்கூடை போன்ற வசதிகளுக்கு அமர்வு இன்றியமையாதது.

வரலாறு

1994 ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டூலி, உலாவியில் சிறு தகவலைச் சேமிக்கும் குக்கி முறையை உருவாக்கினார். இது 1997 இல் ஆர்.எஃப்.சி. 2109 ஆகவும், 2011 இல் ஆர்.எஃப்.சி. 6265 ஆகவும் ஆவணப்படுத்தப்பட்டது.

செயற்படும் முறை

பைத்தான் மொழியில் எழுதப்பட்டு 2005 இல் வெளியான ஜாங்கோ சட்டகத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இயல்பமைப்பில், அமர்வின் தரவுகள் வழங்கியின் தரவுத்தளத்தில் இருக்கும். உலாவியிலுள்ள குக்கியில் அமர்வின் அடையாளக் குறி மட்டுமே இருக்கும். இக்குக்கியின் ஆயுள் இரண்டு வாரங்கள். அடையாளக் குறியைக் கைப்பற்றுபவர் கடவுச்சொல் இன்றியே பயனராக நடிக்க இயலும் என்பதால், புகுபதிகையின்போது ஜாங்கோ புதிய குறியை வழங்குகிறது.

தொடக்கநிலையாளர் எதிர்கொள்ளும் வழுக்கள்

* அட்டவணை இல்லை: அமர்வு அட்டவணை காணப்படவில்லை என்ற வழு, மைகிரேட் கட்டளை இயக்கப்படாததால் பெரும்பாலும் தோன்றுகிறது.
* 403 வழு: படிவ வார்ப்புருவில் சி.எஸ்.ஆர்.எஃப். டோக்கன் சேர்க்கப்படாவிடின், அனுப்பப்படும் படிவம் மறுக்கப்படும்.
* புகுபதிகை மறைதல்: லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 ஆகிய இரண்டும் ஒரே கணினியைச் சுட்டினும், உலாவி அவற்றின் குக்கிகளைத் தனித்தனியே வைக்கிறது. ஒரு முகவரியில் புகுபதிந்தவர் மற்றதில் புகுபதியாதவராகவே கருதப்படுவார்.
* மாற்றம் சேமிக்கப்படாமை: அமர்வினுள் உள்ள பட்டியலில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் ஜாங்கோ அதனைத் தானாக அறியாது. அமர்வின் மாடிஃபைட் பண்பினை மெய் என அமைக்க வேண்டும்.
* இருமுறை பதிதல்: படிவத்தை ஏற்றபின் அதே மறுமொழியில் பக்கத்தைக் காட்டினால், பக்கத்தைப் புதுப்பிக்கும்போது படிவம் மீண்டும் அனுப்பப்படலாம். வேறு முகவரிக்கு வழிமாற்றுவது இதனைத் தவிர்க்கும்.

வழுவைக் கண்டறிதல்

உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் முதலில் குக்கி பெறப்பட்டதா என்றும், அடுத்த கோரிக்கையில் அது திருப்பி அனுப்பப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். அனுப்பப்படவில்லையெனில் முகவரி அல்லது குக்கி அமைப்பில் பிழை இருக்கலாம். அனுப்பப்பட்டிருப்பின் தரவுத்தளத்தையும் நிரலையும் ஆராய வேண்டும்.

பாதுகாப்பு

403 வழுவைப் போக்கும் பொருட்டுச் சிலர் டோக்கன் சோதனையையே நீக்கிவிடுவதுண்டு. இது பிழையைத் திருத்துவதன்று, காவலை அகற்றுவதாகும். பிற தளத்திலிருந்து அனுப்பப்படும் கோரிக்கையுடனும் உலாவி குக்கியை இணைக்கக்கூடும் என்பதால், பயனர் அறியாமலே அவர் பெயரில் கடவுச்சொல் மாற்றம் போன்ற செயல்கள் நிகழலாம். சேம்சைட் என்னும் குக்கிப் பண்பு இதனை ஓரளவு தடுக்கிறது. எனினும் அது டோக்கனுக்கு முழு மாற்றாகாது.