வெப்ப ஏற்றியும் வீட்டுக் கணப்பும்: ஒரு கணக்கு

நான் வசிக்கும் ஷ்வேப்யிதா, யங்கோன் நகரின் வடமேற்கு ஓரத்தில் லைங் ஆற்றை ஒட்டிய பகுதி. சனவரி விடியற்காலையில்கூட இங்கே வெப்பநிலை 17, 18 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. வீட்டைச் சூடாக்கும் தேவை இவ்வூரில் யாருக்கும் இல்லை. ஆனால் இலண்டனிலும் ஆஸ்லோவிலும் இருக்கும் உறவினர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "பழைய பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைக்கச் சொல்கிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு வரும் என்கிறார்களே, நம்பலாமா?" பொறியியல் படிக்கும்போது வெப்ப இயக்கவியலோடு மல்லுக்கட்டியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஹீட் பம்ப் எனும் வெப்ப ஏற்றி புதிய மந்திரம் அல்ல. ஷ்வேப்யிதாவில் சுவரில் மாட்டியிருக்கும் ஏ.சி.யும் அதே இயந்திரந்தான். 1 யூனிட் மின்சாரம் எடுத்து, அறையிலிருந்து ஏறத்தாழ 3 யூனிட் வெப்பத்தை உறிஞ்சி, இரண்டையும் சேர்த்து 4 யூனிட்டாக வெளியே தள்ளுகிறது. அந்தச் சூடான பக்கத்தை வீட்டுக்குள் திருப்பிவிட்டால் அது வெப்ப ஏற்றி. இவ்வாறு கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1852-லேயே எழுதினார். 1938-இல் சூரிச் நகரின் ராட்ஹவுஸ் மண்டபம் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து எடுத்த வெப்பத்தால் சூடாக்கப்பட்டது.

குளிர்ந்த காற்றில் வெப்பம் எங்கிருந்து வரும்? புரொப்பேன் போன்ற குளிர்பதனப் பொருள் -42 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்கு -10 டிகிரிக் காற்றும் அடுப்புதான். அங்கே ஆவியாகும் பொருளைக் கம்ப்ரசர் அழுத்திச் சூடேற்றுகிறது; வீட்டுக்குள் அது மீண்டும் திரவமாகும்போது வெப்பத்தை விட்டுவிடுகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்குவதைவிட, இருக்கும் வெப்பத்தை மேட்டுக்கு ஏற்றும் வேலையையே செய்கிறது. கிணற்று நீரை இறைப்பது போலத்தான்: ஆழம் கூடினால் உழைப்பும் கூடும்.

இந்த ஆழத்தைக் கணக்கிடலாம். வெளியே 0 டிகிரி, குழாயில் ஓடும் நீர் 35 டிகிரி என்றால், கெல்வின் அளவில் 308-ஐ 35-ஆல் வகுக்க 8.8 வரும். இது இயற்கை விதித்த உச்சவரம்பு. வெளியே -10, நீர் 55 டிகிரி என்றால் 328-ஐ 65-ஆல் வகுக்க 5 தான். உண்மையான இயந்திரம் இவ்வரம்பில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டும். ஆக முதல் வீட்டில் 4 மடங்கு, இரண்டாவது வீட்டில் இரண்டரை மடங்கு. ஒரே இயந்திரம் ஒரு வீட்டில் புகழப்படுவதும் இன்னொரு வீட்டில் திட்டப்படுவதும் இதனால்தான்.

இனி ஒப்பீடு. மின்கம்பி ஹீட்டர் 1 யூனிட்டுக்கு 1 யூனிட் வெப்பம் தரும். நல்ல எரிவாயு பாய்லர் 0.9 தரும். பிரிட்டிஷ் அரசின் நிதியில் 742 வீடுகளில் வெப்ப ஏற்றி பொருத்தி அளந்தபோது, காற்றிலிருந்து வெப்பம் எடுப்பவை ஆண்டு முழுமைக்கும் சராசரியாகச் சுமார் 2.8 தந்தன. அந்த மின்சாரமே எரிவாயுவில் உற்பத்தியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 யூனிட் எரிவாயுவில் மின்நிலையம் 50 எடுக்க, கம்பியிழப்பு போக 46 வீட்டுக்கு வரும், அது 2.8 மடங்காகி 129 யூனிட் வெப்பமாகிறது. அதே 100 யூனிட்டை பாய்லரில் எரித்தால் 90. எரிபொருள் கணக்கில் வெற்றி வெப்ப ஏற்றிக்கே.

ஆனால் பணக்கணக்கு வேறு. பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் எரிவாயுவைப்போல் சுமார் 4 மடங்கு விலை. 12,000 யூனிட் வெப்பம் தேவைப்படும் வீட்டில் பாய்லர் 13,333 யூனிட் எரிவாயு கேட்கும். வெப்ப ஏற்றி 4,286 யூனிட் மின்சாரம் கேட்கும். எரிவாயு விலையில் அது 17,143 யூனிட்டுக்குச் சமம். குறைந்த ஆற்றலைச் செலவழித்துக் கூடுதல் பணம் கட்டும் விசித்திரம் இது. இரண்டும் சமமாக 3.6 மடங்கு வேண்டும். அதாவது விலை விகிதமான 4-ஐ பாய்லரின் 0.9-ஆல் பெருக்க வருவது. உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே இதைப் போட்டுப் பார்க்கலாம்.

நோர்வேயில் கதை மாறுகிறது. அங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். பெரும்பாலான வீடுகள் முன்பே மின்கம்பி ஹீட்டரால் சூடானவை. 2020 முதல் கட்டடங்களில் எண்ணெய்க் கணப்புக்குத் தடையும் வந்துவிட்டது. 1-லிருந்து 3-க்குப் போனால் கணப்புச் செலவு மூன்றில் ஒன்றாகும். எனவே ஆஸ்லோ உறவினரிடம் "யோசிக்காமல் வையுங்கள்" என்றேன். இலண்டன் உறவினரிடம் "முதலில் கூரைக்கும் சுவருக்கும் வெப்பக்காப்பு, பிறகு பெரிய ரேடியேட்டர், அப்புறம்தான் வெப்ப ஏற்றி" என்றேன். நீரின் சூட்டை 55-லிருந்து 40-க்கு இறக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. விற்பவரிடம் கேட்க வேண்டியது "எத்தனை மடங்கு?" என்பதன்று, "எந்த நீர்ச்சூட்டில், எந்தக் குளிரில் அத்தனை மடங்கு?" என்பதே.

கடைசியாக எங்கள் ஊர்ப் பாடம் ஒன்று. 2021-க்குப் பிறகு யங்கோனில் மின்சாரம் முறைவைத்துத்தான் வருகிறது. மின்னடுப்பு பாத்திரத்துக்குத் தரும் வெப்பம் கரியடுப்பு தருவதைப்போல் மூன்று மடங்கு இருக்கலாம். ஆயினும் மின்சாரம் நின்ற வேளையில் கரியடுப்பில்தான் சோறு வேகிறது. இயந்திரத்தின் திறனை ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம். அது வீட்டுக்கு வந்து சேர்வதை விலையும், சுவரும், கம்பியில் வரும் மின்சாரமுமே தீர்மானிக்கின்றன.