ஆரோக்கியவரமும் மலைக்காற்றும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நம்மவருள் பலர் புத்தலப்பட்டைக் கடந்து சென்றிருப்பர். அங்கே சாலை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று சந்திரகிரி வழியே வேங்கடத்தை நோக்கிச் செல்லும். மற்றொன்று பீலேரை அடையும். அங்கிருந்து மேற்கே சென்றால் மதனப்பள்ளி மேட்டுநிலம் வரும். வேங்கடத்திற்கு அருள்வேண்டிச் சென்றனர்; அம்மேட்டுநிலத்திற்கு உயிர்வேண்டிச் சென்றோர் ஒருகாலத்தில் பலர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

நம் பாட்டன்மார் எலும்புருக்கி எனப் பெயர்சொல்லவும் அஞ்சிய நோய் காசநோய். அதன் கிருமியை 1882ஆம் ஆண்டில் இராபர்ட் காக் கண்டறிந்து உலகிற்கு உரைத்தார். ஆயினும் அதனைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் கழிந்தன. அதுவரை மருத்துவர் நம்பியவை மூன்று: ஓய்வு, நல்லுணவு, தூய காற்று. 1850களில் பிரெமர் என்னும் மருத்துவர் சைலீசிய மலைப்பகுதியில் தொடங்கிய இம்முறை ஐரோப்பா எங்கும் பரவியது. இந்தியாவில் 1906இல் ஆஜ்மீருக்கு அருகிலுள்ள திலோனியாவில் இத்தகைய சானடோரியம் ஒன்று எழுந்தது.

தென்னாட்டில் கிறித்தவ சமயப் பணியமைப்புகள் பல ஒன்றுகூடி, 1912இல் இப்பணியைத் தொடங்கின. 1915இல் மதனப்பள்ளிக்கு அருகே, கடல்மட்டத்திற்கு 2,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், ஆரோக்கியவரம் சானடோரியம் திறக்கப்பெற்றது. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோல்லர் அதன் தலைமை மருத்துவராய் விளங்கினார். பெயரில் அமைந்த ஆரோக்கியம், வரம் என்னும் இரு சொற்களும் தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் பொதுவாய் விளங்குபவை. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் நெடுங்காலம் இருந்த இவ்வூர், 2022இல் அன்னமய்யா மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியமும் இவ்வழியில் வந்ததே. சென்னை மின்தொடர் வண்டியில் சென்றோர் அப்பெயர் தாங்கிய நிலையத்தை மறந்திரார்.

சானடோரிய வாழ்வு தவம் போன்றது. திறந்த தாழ்வாரத்தில் படுக்கை. குறித்த நேரத்தில் உணவு. உடல் தேறத்தேறச் சிறிது சிறிதாய் நீளும் நடை. பலர் தேறினர், தேறாது மடிந்தோரும் பலர். ஆனால் காற்றுக்காக அவர்கள் கொடுத்த விலை பெரிது. தாய் குழந்தையைப் பிரிந்தாள். கணவன் மனைவியைப் பிரிந்தான். மாதங்கள் ஆண்டுகளாய் நீண்டன. பிரிவின் சுமையைப் புலம்பெயர்ந்த நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியசிட்டும் வந்தன. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்தாய்வு மையம் ஒரு வினாவை எழுப்பியது: மருந்து உண்ணும் நோயாளி வீட்டைப் பிரியத்தான் வேண்டுமா? நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சானடோரியத்திலும் மற்றவர்க்கு வீட்டிலும் ஓராண்டு மருந்தளித்தனர். வீட்டிலிருந்தோர்க்கு உணவும் ஓய்வும் குறைவு, நெருக்கடியோ மிகுதி. எனினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒப்பவே குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரால் குடும்பத்தார்க்கு நோய் மிகுதியாய்ப் பரவவும் இல்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகின் மருத்துவமுறையையே மாற்றியது. அதன்பின், காசநோயுற்ற தாய் தன் மகவைப் பிரியாமலே மருந்துண்ண வழி பிறந்தது.

அவ்வாறாயின் மலைக்காற்று வீண் என்போமா? அன்று. அடைத்த அறையில் தங்கும் கிருமியைக் காற்றோட்டம் குறைக்கும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புகின்றது. 1984இல் உல்ரிச் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்ட ஆய்வும் ஈண்டு நினைக்கத்தக்கது. பித்தப்பை அறுவை முடித்தவருள், சன்னல் வழியே மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரைவிட விரைவில் வீடு திரும்பினர். வலிமிக்க மருந்துகளும் அவர்க்குக் குறைவாகவே வேண்டியிருந்தன.

எனவே இருமல் நீங்காதவரை மலைக்கு அனுப்புமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறிவுடைமை. காற்று மருந்துக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது. நலமுடன் இருப்போரோ அத்துணையை ஏன் துறத்தல் வேண்டும்? அடுக்குமாடி வீடுகளில் சன்னலடைத்து வாழும் நாம், விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் அருகிலுள்ள பூங்காவிலேனும் ஆற்றங்கரையிலேனும் நடப்போமாக. ஆரோக்கியவரத்தார் வீட்டைப் பிரிந்து தேடிய காற்றை, நாம் குடும்பத்தோடு கூடியே நுகரலாம்.