நாய்க்கு வீட்டுச் சாப்பாடு: சோறு சரி, குழம்பு வேண்டாம்

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய் வளர்க்கும் வீடுகளில், மிஞ்சிய சாப்பாடுதான் நாய்க்கும். அதில் தவறில்லை. சோறு, கேழ்வரகுக் களி, வேகவைத்த முட்டை, தயிர், பூசணிக்காய் எல்லாம் நாய்க்கு ஒத்துக்கொள்ளும். வெறும் சோறு மட்டும் போதாது. முட்டை, எலும்பு நீக்கிய கறி, முள் எடுத்த மீன் என ஏதாவது சேர்க்க வேண்டும்.

சிக்கல் குழம்பில்தான் இருக்கிறது. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு எதுவானாலும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் நச்சு போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் ரத்தம் பாதிக்கும். 10 கிலோ நாய்க்கு 150 கிராமே ஆபத்து. விருந்தில் மிஞ்சிய தொக்கை அப்படியே கொட்டினால் அந்த அளவு எளிதில் வந்துவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கெடுதல்தான். எனவே வெந்த பருப்பையும் கறியையும் வெங்காயம் சேர்க்கும் முன்பே நாய்க்குத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். உப்பு, காரமும் குறையும்.

பாதிப்பு உடனே தெரியாது. சில நாட்கள் கழித்து ஈறு வெளுக்கும், நாய் சோர்ந்து படுக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். உண்ணிக் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள் வரும் என்பதால், நாய் என்ன தின்றது என்பதை கால்நடை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைப்பதாக உப்புத் தண்ணீர் புகட்ட வேண்டாம். அதுவே உயிருக்கு உலை வைக்கும்.

திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கம்பம் பள்ளத்தாக்குபோல் திராட்சை விளையும் இடங்களில் உதிர்ந்த பழத்தை நாய் தின்னாமல் பாருங்கள். பாயசத்து உலர்திராட்சையும் இதில் சேர்த்திதான். சாக்லேட்டும் ஆகாது. வெந்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பூசணம் பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளத்தை 'நாய்க்குத்தானே' என்று போடாதீர்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் ஈரலைத் தாக்கும், வேகவைத்தாலும் முழுதாக அழியாது.

கிடா வெட்டும் நாளில் இன்னும் கவனம் தேவை. சில ஆடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் இருக்கும். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, முட்டைகள் சாணத்தில் வெளியேறும். நாயோடு விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் குழந்தைக்கு அதே கட்டி ஈரலில் வரலாம். அறுவை சிகிச்சை வரை போகும். கட்டியுள்ள உறுப்புகளை எரியுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். குடற்புழு மருந்து வாங்கும்போது, அது நாடாப்புழுவுக்கும் கேட்குமா என்று மருத்துவரிடம் விசாரித்து வாங்குங்கள்.