வாட்டர்கேட்டும் இரு நிருபர்களும்

1972ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் பின்னிரவில், வாஷிங்டன் நகரின் வாட்டர்கேட் கட்டடத்திலுள்ள ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் ஐவர் பிடிபட்டனர். வெறுந் திருட்டென்று பலர் தள்ளிவிட்ட அச்செய்தியை விடாது துருவியவர்கள், 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் இளம் நிருபர்களான பாப் வுட்வர்டும் கார்ல் பெர்ன்ஸ்டீனும் ஆவர். அவர்கள் எழுதிய நூலை, 'ஆல் தி பிரசிடெண்ட்ஸ் மென்' என்ற பெயரிலேயே ஆலன் பக்கூலா 1976இல் திரைப்படமாக்கினார்.

நேயர்களே, வெற்றியினும் பிழையையே இப்படம் விரிவாகக் காட்டுகிறது. 1972 அக்டோபரில், குடியரசுத் தலைவர் நிக்சனின் தலைமை அலுவலரான ஹால்டமனைக் குறித்து, ஒரு சாட்சி ஜூரிகள் முன் கூறாததைக் கூறியதாக அவர்கள் எழுதிவிட்டனர். ஆசிரியர் பென் பிராட்லி அவர்களைக் கைவிடவில்லை. உழைப்பைத் தொடரச் செய்தார். 1973 ஜனவரியில் நிக்சன் மீண்டும் பதவியேற்கும் காட்சி தொலைக்காட்சியில் ஓட, நிருபர்கள் தட்டச்சு செய்துகொண்டிருப்பதோடு கதை நின்றுவிடுகிறது. 1974 ஆகஸ்டு 9இல் நிக்சன் பதவி விலகியது, டெலிபிரிண்டர் பொறிக்கும் சில வரிகளாகவே வருகிறது.

இடைப்பட்ட காலத்தில் உண்மையை நிலைநாட்டியவை செனட் சபையின் விசாரணைக் குழுவும் நீதிமன்றங்களுமே. ஆயினும், பிழைபட்ட பின்னும் பேனாவைக் கீழே வைக்காத இருவர் இல்லையேல், அவ்விசாரணைக்குரிய ஐயம் மக்கள் மனத்தில் அத்துணை விரைவில் வேரூன்றியிராது.