ஆட்டாங்கல்லுக்கு மோட்டார் பூட்டிய ஊர்

ஐப்பசி பிறந்துவிட்டால் கோவை வீடுகளில் கிரைண்டருக்கு ஓய்வு கிடையாது. வெளியே அடைமழை பிடித்துக்கொள்ளும். சிறுவாணி மலைமேல் மேகம் இறங்கி நிற்கும். அடுப்படியில் புழுங்கலரிசி ஊறிக்கொண்டிருக்கும். தீபாவளி முறுக்குக்குக் கொங்குப் பக்கத்துப் பல வீடுகளில் மில்லில் திரித்த மாவை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அரிசியை ஊறவைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக ஆட்டி, பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசைந்து பிழிந்தால்தான் அவர்களுக்கு அது முறுக்கு. கச்சாயத்துக்கு ஊறிய அரிசியை வெல்லத்தோடு ஆட்ட வேண்டும். ஒப்புட்டுக்கு வெந்த கடலைப்பருப்பை நைசாக அரைக்க வேண்டும். சந்தகைக்கு அரிசியை வழுவழுவென்று ஆட்டி, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிய வேண்டும். தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வருகிறவர்களுக்கு இட்லியும் கறிக்குழம்பும் தயாராக இருக்க வேண்டும். கார்த்திகை வந்தால் அடை.

இத்தனை பலகாரங்களுக்கும் பின்னால் இருப்பது ஓர் இயந்திரம். அது பிறந்ததும் இதே ஊரில்தான். 1955ஆம் ஆண்டு கோவையைச் சேர்ந்த பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கினார். இட்லி தோசை சாப்பிடும் கோடிக்கணக்கானவர்களின் காலை வேளையை மாற்றிய மனிதர் அவர். ஆனால் அவர் பெயரைக் கேட்டால் கோவைக்காரர்களிலேயே பலர் யோசிப்பார்கள். அதனாலேயே இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையால் ஆட்டிய காலம்

கிரைண்டர் எதை மாற்றியது என்று தெரிய, அதற்கு முந்தைய அடுப்படிக்குப் போக வேண்டும்.

பின்கட்டுத் திண்ணையோரம் ஆட்டாங்கல் பதிந்திருக்கும். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, வலக்கையால் குழவியைச் சுற்ற வேண்டும். குழவி ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் மாவு ஓரத்துக்கு ஏறும். அதை இடக்கையால் வழித்துக் குழிக்குள் தள்ளிவிட வேண்டும். சுற்றுகிற கையும் தள்ளுகிற கையும் தாளம் தப்பினால் விரல் நசுங்கும். அரிசியாவது ஓரளவு சீக்கிரம் மசியும். உளுந்துதான் பொறுமையைச் சோதிக்கும். ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் உளுந்து வழுக்கிக்கொண்டு ஓடும், மசியாது. அவ்வப்போது கையால் தெளிக்க வேண்டும். "இன்னொரு கை தண்ணி தெளி கண்ணு, உளுந்து பொங்கோணும்" என்று பெரியவர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு துளி மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் பதம் வந்துவிட்டது. மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும்.

இரண்டு படி அரிசிக்கு அரைப்படி உளுந்து போட்டு ஆட்டி முடிக்க ஒரு பொழுது போய்விடும். கூட்டுக்குடும்பம் என்றால் அது பத்தாது. தோள்பட்டை வலியோடு எழுந்து அடுத்த வேலைக்குப் போவார்கள்.

கொங்கு வானம் பார்த்த பூமி. பவானி, காலிங்கராயன் வாய்க்கால், அமராவதி என்று பாசனம் பாய்ந்த இடங்களைத் தவிர்த்தால், அன்றாடச் சாப்பாடு கம்பும் சோளமும் ராகியும்தான். நெல்லுச்சோறே விசேஷம் என்றிருந்த வீட்டில், அந்த அரிசியையும் ஊறவைத்து அரைநாள் உட்கார்ந்து ஆட்ட வேண்டுமென்றால், இட்லி எப்படித் தினசரி உணவாகும்? தீபாவளி, பொங்கல், மாப்பிள்ளை விருந்து என்று நாள் பார்த்துத்தான் இட்லி வந்தது. அந்த நாட்களின் மகிழ்ச்சிக்கு முந்தின நாள் முழுக்க உழைத்தவர்கள் வீட்டுப் பெண்கள்.

ஏன் கோவையில்?

இட்லி தென்னிந்தியா முழுக்க உண்டு. ஆட்டாங்கல்லும் எல்லா ஊரிலும் உண்டு. அப்படியிருக்க இந்த இயந்திரம் கோவையில் பிறந்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன.

கோவையைச் சுற்றிக் கரிசலில் பருத்தி விளைந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கியதும் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆலைகளின் இயந்திரங்கள் பழுதானால் பார்க்கப் பட்டறைகள் வேண்டியிருந்தன. உதிரிபாகம் செய்ய வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் முளைத்தன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் ஒன்றை இங்கே உருவாக்கினார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அது பேர்பெற்றது.

அந்த மோட்டார் தொழில் வளர்ந்ததே கிணறுகளை நம்பித்தான். கொங்குக் கிணறுகள் ஆழமானவை. கவலை இறைத்து இறைத்து மாடும் மனிதனும் ஓய்ந்துபோன நிலத்துக்கு மோட்டார் பம்பு வந்தது. ஆக, எருதுகளுக்கு முதலில் ஓய்வு கிடைத்தது. வயலில் தண்ணீர் இறைக்க மோட்டார் இருக்கும்போது அடுப்படியில் குழவி சுற்ற ஏன் இருக்கக் கூடாது என்ற கேள்விக்குப் பதில் வர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

ஐம்பதுகளின் கோவையில் அந்தப் பதிலுக்குத் தேவையான எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மோட்டார் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இரும்பு வார்க்கவும் கடையவும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சுற்றிலும் கருங்கல் பாறை. அதைக் கொத்தி அம்மியும் உரலும் செய்து பழகிய கல்தச்சர்கள். இந்த மூன்று தொழிலும் ஓர் ஊரில் கூடியிருந்ததால்தான் சபாபதியின் யோசனை வெறும் யோசனையாக நின்றுவிடவில்லை.

குழவி நின்றது, கல் சுழன்றது

ஆட்டாங்கல்லில் கீழே உள்ள கல் அசையாது, குழவிதான் சுற்றும். வெட் கிரைண்டர் இதைத் தலைகீழாக்கியது. குழவியை ஒரு கம்பியில் பூட்டி அதன் இடத்திலேயே நிறுத்திவிட்டு, கல் பதித்த பாத்திரத்தை மோட்டாரால் சுற்றவிட்டார்கள். பாத்திரம் சுழலும்போது மாவு தானாகக் குழவிக்கு அடியில் வந்து சேர்கிறது. ஓரத்துக்கு ஏறும் மாவை வழித்துத் தள்ள ஒரு பலகையை விளிம்பில் மாட்டினார்கள். வலக்கையின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. இடக்கையின் வேலையைப் பலகை எடுத்துக்கொண்டது.

இதில் என்னை மிகவும் கவர்வது, கல்லை மாற்றாததுதான். மோட்டார் கைக்கு வந்தபின் வேகமாகச் சுற்றும் இரும்பு பிளேடு வைப்பது எளிது. மிக்ஸி அப்படித்தான் செய்கிறது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும் பிளேடு உளுந்தை வெட்டும். வெட்டும்போது மாவு சூடேறும். கல்லோ மெதுவாகச் சுற்றி, உளுந்தை நசுக்கி, இழுத்து, மடித்து ஆட்டுகிறது. சூடு அதிகம் ஏறுவதில்லை. உளுந்தின் கொழகொழப்பு வெளிவந்து, தெளிக்கும் தண்ணீரோடும் சுற்றியிருக்கும் காற்றோடும் கலந்து மாவு உப்பிவருகிறது. பிறகு லியூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் இரவெல்லாம் வேலைசெய்து வாயுவை உண்டாக்கும்போது, அந்த வாயுவைப் பிடித்துவைத்துக்கொள்வதும் இந்த உளுந்து மாவுதான். காலையில் இட்லி மல்லிகைப்பூப் போல வருவதற்கு இதுவே காரணம்.

உளுந்து பொங்கோணும் என்று பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான். அவர்களுக்கு நுண்ணுயிரின் பெயர் தெரியாது. ஆனால் வேகம் எவ்வளவு, தண்ணீர் எப்போது, பதம் எது என்று கை அறிந்திருந்தது. வெட் கிரைண்டர் அந்தக் கையறிவை அப்படியே காப்பாற்றிக்கொண்டு கையின் வலியை மட்டும் நீக்கியது. ஒரு நல்ல இயந்திரத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று நினைக்கிறேன். அதை வடித்த பெருமையில் பெயர் தெரியாத லட்சோப லட்சம் பெண்களுக்கும் பங்கு உண்டு.

தரையிலிருந்து மேசைக்கு

ஆரம்பகாலக் கிரைண்டர்கள் பெரியவை, கனத்தவை. வைத்த இடத்தைவிட்டு நகர்த்த ஆள் வேண்டும். குழவியைத் தூக்கி வெளியே வைத்து, மாவைக் கையால் வழித்தெடுத்து, கல்லைக் கழுவி முடிக்க ஒரு பாடு ஆகும். ஆனாலும், தினமும் படிக்கணக்கில் மாவு ஆட்டவேண்டிய ஓட்டல்காரர்களுக்கு அது பெரிய விடுதலை. பிறகு பாத்திரத்தைச் சாய்த்து மாவை ஊற்றும் டில்டிங் கிரைண்டர் வந்தது. இன்றும் கல்யாண மண்டபங்களிலும் ஓட்டல்களிலும் மாவுக்கடைகளிலும் அதுதான்.

அடுத்தது டேபிள் டாப் கிரைண்டர். ஒரே பெரிய குழவிக்குப் பதில் இரண்டு மூன்று சின்ன உருளைக் கற்கள், எவர்சில்வர் பாத்திரம், அடியில் வட்டக் கல். எடை குறைந்ததும் கிரைண்டர் மேடைமேல் ஏறி உட்கார்ந்தது. மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்கும் போனது. கோவைக்கு வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும்போது கிரைண்டர் வாங்கிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அமெரிக்காவுக்குக் குடிபோன தமிழர்களுக்காக 110 வோல்ட்டில் ஓடும் கிரைண்டர்கள் வந்தன.

2005-06இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே காலத்தில் காஞ்சிபுரம் பட்டும் பவானி ஜமக்காளமும் மதுரைச் சுங்குடியும் அந்தப் பட்டியலில் ஏறின. அவையெல்லாம் நெசவும் சாயமும் சார்ந்த கைத்தொழில்கள். அவற்றுக்கு நடுவே மோட்டார் பூட்டிய ஓர் அடுப்படி இயந்திரம் ஊர்ப்பெயரோடு இடம்பிடித்தது கோவையின் குணத்தைச் சொல்கிறது. 2015 வாக்கில் கோவையில் 700க்கும் அதிகமான கிரைண்டர் தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். மாதத்துக்கு 75,000 முதல் ஒரு லட்சம் கிரைண்டர்கள் வரை வெளியே போயின. அவர்களில் பெரும்பாலோர் சின்னப் பட்டறைக்காரர்கள். ஒருவர் கல் கடைவார், ஒருவர் மோட்டார் சுற்றுவார், இன்னொருவர் எல்லாவற்றையும் பூட்டிப் பெட்டியில் அடைப்பார்.

2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. கடையில் விலை கேட்டுத் திரும்பி வந்த வீடுகளிலும் அதன்பிறகு உளுந்து பொங்கியது.

மாவு கொடுத்த வாழ்வு

கிரைண்டர் நேரத்தை மட்டும் மிச்சப்படுத்தவில்லை. பல பெண்களுக்கு அதுவே தொழிலானது. வீட்டு முன்கட்டில் ஒரு டில்டிங் கிரைண்டர், இரண்டு எவர்சில்வர் தூக்கு, வாசலில் "இட்லி தோசை மாவு கிடைக்கும்" என்று ஒரு அட்டை. இவ்வளவுதான் முதலீடு. சாயங்காலமானால் பாத்திரம் ஏந்திக்கொண்டு தெருவே வந்து நிற்கும். அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் கொங்கு நாடெங்கும் இருக்கிறார்கள். எதற்காக உடம்பு வலித்ததோ அதே வேலை காசாக மாறியதை நான் ஒரு சமூக மாற்றமாகவே பார்க்கிறேன்.

ஐப்பசி மழைக்காலத்தில் மாவு சுணங்கும். குளிரில் நுண்ணுயிர் மெதுவாகத்தான் வளரும். சித்திரையில் ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவுக்கு ஐப்பசி கார்த்திகையில் கூடுதல் நேரம் வேண்டும். அனுபவசாலிகள் உளுந்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள், வெந்தயம் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள், உப்புப் போட்டுக் கையால் கரைப்பார்கள், பாத்திரத்தை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைப்பார்கள். மிஷின் ஆட்டித் தரும். பொங்கவைக்கும் பக்குவம் இன்னும் மனிதரிடம்தான் இருக்கிறது.

பயணத்துக்கும் இதுதான் பருவம். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறப்போகிறவர்கள் விடிகாலையில் சூடான இட்லி கேட்டு நிற்பார்கள். பொள்ளாச்சிச் சாலையில், உடுமலைச் சாலையில், மழைக்கு ஒதுங்கும் கடையில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும். தீபாவளிக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராத்திரி வண்டி பிடித்து வரும் பிள்ளைகள் விடியலில் வீட்டு வாசலில் இறங்குவார்கள். முன்பெல்லாம் வருகிற செய்தி தெரிந்து, ஊறவைத்து, ஆட்டி, பொங்கவிட்டு, அதன்பிறகுதான் இட்லி. இப்போது எந்நேரம் யார் வந்தாலும் "கை கழுவிட்டு உக்காரு, மாவு இருக்கு" என்று சொல்ல முடிகிறது.

விருந்தோம்பலுக்குப் பேர்போன கொங்கு மண்ணில், முன்னறிவிப்பில்லாமல் வருகிறவர்களையும் இட்லியோடு வரவேற்கும் வசதியை ஒரு சாதாரண வீட்டுக்கும் கொடுத்தது இந்த இயந்திரம். அதை உருவாக்கிய பி. சபாபதியின் பெயரை ஜி.டி. நாயுடுவின் பெயரோடு சேர்த்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கூடவே, மோட்டார் வருவதற்கு முன் அந்தக் கல்லைக் கையால் சுற்றியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வெட் கிரைண்டர் பிறந்த கதை முழுமையாகும்.